விழிஞ்ஞத்துப் பானையோடும் ‘இஸ்லாமியக் கலை’ என்னும் பெயரும்

‘இஸ்லாமியக் கலை’ என்ற பெயர் தாங்கிய கண்காட்சிக்குள் நுழைவோர் எதிர்பார்ப்பவை சில உண்டு: குர்ஆன் கையெழுத்துப் படிகள், துருக்கியின் இஸ்னிக் ஓடுகள், முகலாயச் சிற்றோவியங்கள். விழிஞ்ஞத்து அகழ்குழியில் கிடைத்த மேற்காசியப் பானையோட்டுக்கு அவ்வரிசையில் இடம் உண்டா?

விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் துறைமுகம். அதன் கோட்டையைப் பாண்டியன் நெடுஞ்சடையன் அழித்ததை 8ஆம் நூற்றாண்டுச் சீவரமங்கலச் செப்பேடு பேசுகிறது. கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறை இங்கு நடத்திய அகழாய்வில் வெளிப்பட்டவற்றுள் நீலப்பச்சை மெருகூட்டிய மேற்காசியக் கலங்களின் சில்லுகளும் அடங்கும். அந்நிறத்தைத் தருவது செம்பு. ஈராக்கில் இம்மெருகுத் தொழில் இஸ்லாத்துக்கு முன்பே வேரூன்றியது. 7ஆம் நூற்றாண்டில் ஆட்சியும் சமயமும் மாறின. சூளைகளின் வேலைமுறையோ தொடர்ந்தது. தொல்லியலாளர் இதனைச் ‘சாசானிய–இஸ்லாமியக் கலம்’ என இரட்டைப் பெயரால் சுட்டுவது இதனால்தான்.

இதே கடற்கரையின் மற்றொரு சான்று, கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு (கி.பி. 849). கிறித்தவப் பள்ளிக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் வழங்கிய உரிமைகளை அது வட்டெழுத்தில் கூறுகிறது. சாட்சிகளோ அரபியிலும் பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் அமைந்த பாரசீகத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். அரபு ஒப்பங்கள் கூஃபி எழுத்தில் உள்ளன. கூஃபி எழுத்துக்கலையை விளக்கும் ஒரு கண்காட்சி இச்செப்பேட்டை ஏற்குமா? ஏற்பின், ஒரே ஏட்டிலுள்ள பிற கையொப்பங்களை எந்தக் கூடத்தில் வைப்பது?

அருங்காட்சியகங்களும் இச்சிக்கலை உணர்ந்துள்ளன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2011இல் தன் இஸ்லாமியக் கலைக்கூடங்களை மீண்டும் திறந்தபோது, அரபு நிலங்கள், துருக்கி, ஈரான், நடு ஆசியா, பிற்காலத் தெற்காசியா என நிலப்பெயர்களால் அவற்றைக் குறித்தது. அப்பட்டியலிலும் 9ஆம் நூற்றாண்டின் வேணாட்டுக் கரை அடங்காது. கடல்வழி ஒரு ‘நிலம்’ அன்று.

பெயரிடல் வெறும் சொற்சிக்கல் அன்று. எது கண்ணாடிப் பேழைக்குச் செல்லும், எது கிடங்கில் தங்கும் என்பதை அதுவே முடிவுசெய்கிறது. கலைச்சந்தை வழியாக வந்த முழுக் கிண்ணத்துக்கு அழகு உண்டு. எங்குக் கிடைத்தது என்ற செய்தி பெரும்பாலும் இராது. விழிஞ்ஞத்துச் சில்லுக்கு முழு வடிவம் இல்லை. ஆனால் கிடைத்த குழியும் மண்ணடுக்கும் உடன்கிடந்த பொருள்களும் பதிவாகியுள்ளன. வரலாறு எழுத நமக்கு முதலில் வேண்டியவை இவையே.

கண்காட்சிக்குச் செல்லும் மாணவர்கள், விளக்க அட்டையில் காலத்தையும் அரசமரபையும் படிப்பதற்கு முன், பொருள் கிடைத்த இடம் குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அவ்வரி இல்லாத இடங்களைக் குறித்துக்கொள்வதும் ஆய்வே.