பேரரசரும் ‘ஆசிரியர் ஜாங்’கும்

அமைச்சர் பதவியையே ஒழித்துவிட்டால், அமைச்சரால் வரும் தொல்லையும் ஒழிந்துவிடுமா?

ஒழிந்துவிடும் என்று நம்பியவர் ஜூ யுவான்ஜாங். ஏழை விவசாயி வீட்டில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரைப் பறிகொடுத்து, பௌத்த மடத்தில் ஒதுங்கிப் பிச்சையெடுத்து வளர்ந்தவர். கிளர்ச்சிப் படையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, 1368-ல் மிங் வம்சத்தைத் தோற்றுவித்துப் பேரரசரானார். அவருடைய முதலமைச்சர் ஹூ வெய்யோங். வரும் மனுக்களில் எது மன்னர் கைக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று அவரே முடிவு செய்கிறார் என்ற சந்தேகம் பேரரசருக்கு வந்தது. 1380-ல் ராஜத் துரோகக் குற்றம் சாட்டி அவரைக் கொன்றார். வழக்கு அத்தோடு முடியவில்லை. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஹூவோடு தொடர்புடையவர்கள் என்று 30,000 பேர் வரை கொல்லப்பட்டதாகச் சீன வரலாறு கூறுகிறது.

அதைவிடப் பெரிய காரியம் இன்னொன்று. ஏதோ ஒரு பெயரில் 1,500 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவந்த முதலமைச்சர் பதவியையே அவர் அடியோடு நீக்கினார். பிற்காலத்தில் யாராவது அதை மீண்டும் கொண்டுவரச் சொன்னால் அவருக்கு மரண தண்டனை என்றும் தம் சந்ததியினருக்கு எழுதி வைத்தார்.

சரி, அந்த வேலையை யார் செய்வது? அவரே செய்தார். 1384-ல் எட்டே நாட்களில் 1,660 மனுக்கள், அவற்றில் 3,391 விவகாரங்கள் அவர் முன் வந்தன. நாளொன்றுக்கு 200 மனுக்களுக்கு மேல்! மடத்துப் பசியையும் போர்க்களத்தையும் பார்த்த மனிதரால் அது முடிந்தது. அரண்மனையில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளால் முடியுமா?

முடியவில்லை. செங் ஹோவின் கப்பல்களை ஆப்பிரிக்காவரை அனுப்பிய யோங்லே பேரரசரின் காலத்திலேயே படித்த அறிஞர்கள் சிலர் உள் செயலகம் என்ற பெயரில் மன்னருக்கு ஆலோசனை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தொடக்கத்தில் அவர்கள் வெறும் ஐந்தாம் நிலை அதிகாரிகள். நாளடைவில் ஒவ்வொரு மனுவுக்கும் பதிலை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டி அனுப்பும் வேலை அவர்களிடம் வந்தது. அதைச் சிவப்பு மையில் எழுதி உறுதிசெய்யும் உரிமை பேரரசருடையது. அவருக்குச் சோம்பல் வந்தால் அந்தத் தூரிகை அந்தப்புரப் பணியாளர்களான அண்ணகர்களின் கைக்குப் போய்விடும். ஆக, அதிகாரம் இருந்தது. அதற்குச் சட்டத்தில் பெயர்தான் இல்லை.

பெயரில்லாத அந்த அதிகாரத்தின் உச்சிக்குப் போனவர் ஜாங் ஜூஜெங். 1572-ல் வான்லி பேரரசர் அரியணை ஏறியபோது அவருக்கு ஒன்பது வயது கூட நிரம்பவில்லை. அண்ணகர்களின் தலைவர் ஃபெங் பாவ் துணையோடு, அப்போதைய தலைமைச் செயலர் காவ் கோங்கை வெளியேற்றிவிட்டு ஜாங் அந்த இடத்துக்கு வந்தார். சிறுவனுக்கு ஆசிரியரும் அவரே. அவன் குறும்பு செய்தால், “ஆசிரியர் ஜாங் காதுக்கு எட்டினால் என்ன ஆகும்?” என்று தாயார் மிரட்டுவாராம். எழுத்தோவியத்தில் ஆசை கொண்டிருந்த பையனிடம், அதில் தேர்ச்சி பெறுவது அரசர்க்கு அவசியமில்லை என்று சொல்லி அதையும் நிறுத்திவிட்டார் ஆசிரியர்.

நாட்டுக்கு அவர் செய்தது கொஞ்சமல்ல. அதிகாரிகளின் ஒவ்வொரு பணிக்கும் கெடு வைத்துக் கணக்குக் கேட்டார். மறைத்து வைத்த நிலங்களை அளக்கச் செய்தார். பலவகை வரிகளையும் கட்டாய உழைப்பையும் ஒன்றாக்கி வெள்ளியாகச் செலுத்தும் முறையைப் பரப்பினார். கஜானா நிரம்பியது. வட எல்லையைத் தளபதி சீ ஜிகுவாங் காத்தார்.

ஆனால் அப்பழுக்கற்றவர் என்றும் சொல்வதற்கில்லை. மன்னருக்குச் சிக்கனம் போதித்தவரின் ஒரு மகன் 1577 அரண்மனைத் தேர்வில் இரண்டாம் இடம். இன்னொரு மகன் 1580-ல் முதலிடம்! ஊர் பேசாமல் இருக்குமா? 1577-ல் அவர் தந்தை இறந்தார். பதவியை விட்டு 27 மாதங்கள் துக்கம் காப்பது மரபு. அரசுப் பணியைக் காரணம் காட்டி அவர் போகவில்லை. எதிர்த்து எழுதிய ஐந்து அதிகாரிகள் அரண்மனை வாயிலில் தடியடி வாங்கினார்கள்.

1580-ல் பேரரசர் குடித்துவிட்டுப் பணியாளர்களிடம் ரகளை செய்தபோது, தாயார் அரியணையையே பறித்துவிடுவேன் என்று மிரட்டினார். மன்னர் தம்மைத் தாமே நொந்துகொள்ளும் அறிக்கையை எழுதிக்கொடுத்தவர் ஜாங். அந்த வயதில் அப்படியொரு அறிக்கைக்குத் தலையாட்டிய இளைஞன் அதை மறந்திருப்பானா?

1582 கோடையில் ஜாங் இறந்தார். பேரரசருக்கு 18 வயது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஃபெங் பாவ் துரத்தப்பட்டார். அடுத்த ஆண்டு ஜாங்கின் பட்டங்கள் பறிபோயின. 1584-ல் சொத்துப் பறிமுதல். பெய்ஜிங்கிலிருந்து ஆட்கள் வந்து சேருமுன்பே உள்ளூர் அதிகாரிகள் வீட்டுக்கு முத்திரை வைத்துவிட்டதால், உள்ளே அடைபட்டவர்களில் பத்துப் பேருக்கு மேல் பட்டினியால் இறந்தார்கள். சித்திரவதை தாங்காமல் மூத்த மகன் தூக்கிட்டுக்கொண்டார். சீ ஜிகுவாங் தெற்கே மாற்றப்பட்டு, பிறகு பதவியும் இழந்தார்.

வென்றவர் யார்? பேரரசர்தான் என்று தோன்றும். ஆனால் அதற்குப் பின் வந்த தலைமைச் செயலர்கள் வாய் திறக்க அஞ்சினார்கள். மற்ற அதிகாரிகளோ அஞ்சவில்லை. தமக்குப் பிரியமான மூன்றாம் மகனை இளவரசனாக்க நினைத்த வான்லியை ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்தினார்கள். 1601-ல் மூத்த மகனையே அறிவிக்க வேண்டியதாயிற்று. வெறுத்துப்போன பேரரசர் அரசவைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். காலியான பதவிகளை நிரப்பவில்லை. மனுக்களுக்குப் பதில் போடவில்லை. ஒரு நாளில் 200 மனுக்கள் படித்த ஜூ யுவான்ஜாங்கின் வாரிசு அவர்!

1620-ல் வான்லி இறந்தார். இரண்டே ஆண்டுகளில் அவர் பேரன் ஜாங்கின் மரியாதையைத் திருப்பித் தந்தார். 1644-ல் பெய்ஜிங் வீழ்ந்தது. தெற்கே ஓடிய மிங் வாரிசுகளுக்காகக் கடைசிவரை நின்றவர்களில் ஜாங் ஜூஜெங்கின் கொள்ளுப்பேரன் ஜாங் தோங்சாங்கும் ஒருவர். 1650-ல் குயிலின் நகரம் மஞ்சுப் படையிடம் விழுந்தபோது பிடிபட்ட அவர், பணிய மறுத்துத் தலையைக் கொடுத்தார்.