தருமியின் வினாவும் இறைவனின் வினாவும்

திருவிழா மலருக்கு ஒரு மொழிக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, மறுக்க மனம் வரவில்லை. லாயாங் லாயாங் மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு இவ்வூரின் கதையையும் ஆலயத்தின் பெருமையையும் நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தமிழும் ஆங்கிலமும் கற்பித்தவன் என்ற முறையில், திரைப்பட உரையாடலில் வரும் வினாக்களைப் பற்றிச் சில சொல்கிறேன்.

தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், சாக்கை விரித்து உட்கார்ந்து 'திருவிளையாடல்' பார்த்தேன். விடியலில் பால்மரம் வெட்டப் போகவேண்டிய பெரியவர்கள்கூட எழுந்து போகவில்லை. படச்சுருள் மாற்றும் இடைவெளியில் ஒருவர் தருமியாகக் கேட்பார்; பிள்ளைகள் நாங்கள் இறைவனாக விடை சொல்வோம். பின்னாளில் நன்னூல் படித்தபோதுதான், அன்று நாங்கள் விளையாடியது இலக்கணப் பாடம் என்று தெரிந்தது.

ராண்டால்ஃப் குவிர்க்கும் அவருடன் மூவரும் 1985-இல் வெளியிட்ட ஆங்கிலப் பேரிலக்கணம், எதிர்பார்க்கும் விடையை வைத்து வினாக்களை மூன்றாகப் பிரிக்கிறது. ஆம், இல்லை என்ற விடையை வேண்டுவது ஒன்று. யார், என்ன, எங்கே என்று தகவலை வேண்டுவது மற்றொன்று. இதுவா அதுவா என்று தெரிவு செய்யச் சொல்வது மூன்றாவது. வாக்கியத்தின் வால்போல ஒட்டிவரும் வினாவும், விடை வேண்டாத வினாவும் இவற்றோடு பேசப்படுகின்றன. நல்ல பகுப்புதான். ஆனால் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே வேறு வழியில் போனார். கேட்பவனின் நோக்கம் என்ன என்று பார்த்து, அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுத்தார்.

வேற்றுமையை நம் தேநீர்க் கடையிலேயே காணலாம். "அண்ணே, தே தாரேக் இருக்கா?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். "தம்பி, தே தாரேக் வேணுமா?" என்று கடைக்காரர் கேட்கிறார். ஆங்கில இலக்கணத்துக்கு இரண்டும் ஒரே வகை. நன்னூலுக்கோ முதலாவது கொளல்வினா, இரண்டாவது கொடைவினா. பெறக் கேட்பவனையும் கொடுக்கக் கேட்பவனையும் பிரித்துக் காண்பது தமிழ். திரைப்படத்தில் ஒரு பாத்திரத்தின் உள்ளத்தை அறிய இந்தப் பகுப்பே பெரிதும் உதவுகிறது.

இனி தருமிக்கு வருவோம். ஏ.பி. நாகராசன் இயக்கி 1965-இல் வந்த படம் 'திருவிளையாடல்'. மதுரைக் கோயிலில், பாட்டுக்குப் பரிசான ஆயிரம் பொன்னுக்கு ஏங்கி நிற்கும் ஏழை தருமியாக நாகேஷ். புலவர் வடிவில் வரும் இறைவனாக சிவாஜி கணேசன். புலமையைச் சோதிக்கத் தானே கேட்பேன் என்கிறான் தருமி. கேள்விகள் மழையாய்ப் பொழிகின்றன. பதில்கள் மின்னலாய் வருகின்றன. மேலுக்கு இவை அறிவினா, ஆசிரியர் மாணவனைக் கேட்பது போன்றவை. உள்ளே ஓடுவதோ கொளல்வினா: எனக்கு ஒரு பாட்டுக் கிடைக்குமா என்பதே அவன் கேட்காமல் கேட்கும் கேள்வி. அவனை நாடி வந்து, பாட்டு வேண்டுமா என்று நிற்கும் பரம்பொருளின் வினா கொடைவினா. அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் கண் நனைகிறது. நாம் கேட்கும் முன்பே கொடுக்க வருபவன் அல்லவா அவன்!

இறைவன் தந்த அந்தப் பாட்டே ஒரு வினா என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குறுந்தொகையின் 2-ஆம் பாடலில், தலைவியின் கூந்தலைவிட மணமுள்ள பூ உண்டா என்று தலைவன் தும்பியைக் கேட்கிறான். எனக்காகச் சொல்லாதே, கண்டதைச் சொல் என்றும் கட்டளையிடுகிறான். பாடியவர் இறையனார். இதை வைத்துத்தான், கூந்தலுக்கு இயற்கை மணம் இல்லை என்று நக்கீரர் குற்றம் கண்டதாகத் திருவிளையாடற் புராணம் பாடுகிறது. உயர்குலப் பெண்டிர், தேவமகளிர், காளத்தியில் உறையும் ஞானப்பூங்கோதை என்று படிப்படியாக ஏறுகின்றன இறைவனின் வினாக்கள். எல்லாம் அறிந்தவன் கேட்பதால் அவை முழுமையான அறிவினாக்கள். படத்தில் நக்கீரராக நடித்தவரும் நாகராசனே.

திருவாசகத்தின் திருச்சாழலையும் இங்கே நினைக்கவேண்டும். 20 பாடல்களில் ஒருத்தி ஏசுவது போலக் கேட்க, மற்றொருத்தி ஈசன் பெருமையால் விடை தருகிறாள். தில்லையில் பேச்சற்றிருந்த ஈழத்து அரசன் மகள் மணிவாசகர் அருளால் வாய்திறந்து சொன்ன விடைகளே அவை என்பது மரபு. வினாவுக்கு இதைவிட உயர்ந்த பயன் ஏது?

வினாவே விடையாக வருவதும் உண்டு. தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே அதை ஏற்றுக்கொண்டார். 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில், சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தில், வரி கேட்ட வெள்ளைக்கார அதிகாரிக்குக் கட்டபொம்மன் தருவது கேள்விகளை. எங்கள் வயலில் நீ என்ன உழைத்தாய் என்ற கருத்தில் அடுக்கடுக்காய்க் கேட்கிறான். ஒன்றுக்கும் பதில் தேவையில்லை. மறுப்பு முழுவதும் வினாவிலேயே அடங்கிவிட்டது. ஆங்கிலப் படங்களிலும் இத்தகைய ஆற்றல் உண்டு. 1957-இல் வந்த 'ட்வெல்வ் ஆங்ரி மென்' படத்தில் வழக்கின் நடுவர் குழுவில் ஒரே ஒருவர் ஐயவினாக்களை எழுப்பியே மற்ற பதினொருவரின் மனத்தையும் மாற்றுகிறார்.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ்ப் படத்தை மலாய் வரிகளோடும் ஆங்கிலப் படத்தை மொழிபெயர்ப்பின்றியும் பார்க்கிறார்கள். பெற்றோர்களே, இந்தத் திருவிழா விடுமுறையில் அவர்களோடு உட்கார்ந்து 'திருவிளையாடல்' பாருங்கள். தருமி கேட்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, இது எந்த வினா என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிக் கேட்டால் அதட்டாதீர்கள். விடை தெரியாவிட்டால் நன்னூலை எடுத்து வைத்து இருவரும் சேர்ந்து தேடுங்கள்.