நைல் மலரும் வங்கத்து உழவரும்

பெயர்கள் சில வேளைகளில் வரலாற்றை மறைத்துவிடுவதுண்டு. நம் குளங்களில் ஆகாயத்தாமரை எனப்படும் நீர்ப்பூண்டை எகிப்தியர் ‘வர்துந் நீல்’ என்றும், இராக்கியர் ‘ஸஹ்ரத்துந் நீல்’ என்றும் வழங்குவர். இரண்டுமே நைல் நதியின் மலர் என்று பொருள்படும். எனினும் அதன் பிறப்பிடம் நைல் அன்று. தென் அமெரிக்காவின் அமேசான் வடிநிலமாகும். ஊதா நிற மலரின் அழகில் மயங்கிய மனிதரே 19ஆம் நூற்றாண்டில் அதனைக் கடல் கடத்திக் கொண்டுவந்து தம் தோட்டக் குளங்களில் வளர்த்தனர்.

அதன் விளைவை அறிய நாம் வங்க வரலாற்றை நோக்குதல் வேண்டும். அங்கு அழகுச் செடியாக நுழைந்த அப்பூண்டு, மழைக்கால வெள்ளத்தோடு வெளியேறி, 1920ஆம் ஆண்டளவில் ஆறுகளையும் கால்வாய்களையும் ‘பில்’ எனப்படும் தாழ்நில நீர்நிலைகளையும் மூடிக்கொண்டது. படகுகள் செல்ல வழியில்லை. ஆழ்நீர் நெல்லும் சணலும் பாழாயின. இழப்பைச் சுமந்தவர்கள் தோட்டம் வைத்து மகிழ்ந்தவர்கள் அல்லர். கிழக்கு வங்கத்தின் ஏழை உழவர்களே ஆவர். அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இப்பூண்டுக்கு அங்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று ‘ஜெர்மன் பானா’ என்பதாகும். ஆனால் அதன் பிறப்பிடம் ஜெர்மனி அன்று!

1921இல் அறிவியலாளர் ஜகதீச சந்திர போஸ் தலைமையில் இதனை ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1936இல் வங்க அரசு தனிச்சட்டமே இயற்றியது. தம் இடத்தில் இப்பூண்டை வைத்திருப்பதை அது தடைசெய்தது. அகற்றும் பணியில் பங்குகொள்வதைக் குடிமக்களின் கடமையாக்கியது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் பூண்டொழிப்பு கட்சிகளின் வாக்குறுதியாயிற்று. வெற்றிக்குப்பின் மாகாண முதன்மை அமைச்சரான ஏ. கே. பஸ்லுல் ஹக் அப்பணியை இயக்கமாகவே நடத்தினார். அடுத்த பத்தாண்டுகளில் பல நீர்வழிகள் மீண்டும் திறந்தன.

ஆயினும் பூண்டு முற்றாக ஒழியவில்லை. தக்க சூழலில் இரு வாரங்களிலேயே அது இருமடங்காகப் பெருகும். அதன் விதைகள் சேற்றில் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். இன்றைய வங்கதேசத்தின் தென்பகுதி உழவர்கள் அதனையே அடுக்கி மக்கச்செய்து, மிதக்கும் பாத்திகளாக்கிக் காய்கறி விளைவிக்கின்றனர். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2015இல் இம்முறையை உலக வேளாண் மரபாக ஏற்றது.

பெயர்கள் பழியை வேற்று நாட்டின்மீது ஏற்றின. 1936ஆம் ஆண்டுச் சட்டமோ, அவரவர் படித்துறையைத் தூய்மை செய்யும் பொறுப்பை அவரவரிடமே ஒப்படைத்தது. வங்கத்து நீர்வழிகளைத் திறந்தது அப்பொறுப்பேயாகும்.