லயத்திலிருந்து தாமான் வரை தொடரும் சந்தேகம்

நண்பருக்காக ஓரிடத்தில் காத்திருப்பது குற்றமா? இல்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் 2018 ஏப்ரல் 12-ஆம் நாள், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடையொன்றில் நண்பருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களுக்குப் போலீசார் கைவிலங்கு மாட்டினார்கள். கடை நிர்வாகி செய்த ஒரு தொலைபேசி அழைப்புதான் காரணம். அவர்கள்மீது வழக்கு எதுவும் போடப்படவில்லை. அடுத்த மாதம் 29-ஆம் நாள் அந்த நிறுவனம் அமெரிக்காவில் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளை ஒரு பிற்பகல் முழுவதும் மூடி, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது.

எங்கோ நடந்த கதை என்று இதைத் தள்ளிவிட முடியுமா? ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற செனாவாங், இன்று தொழிற்சாலைகளும் தாமான்களும் நிறைந்த சிரம்பானின் புறநகர். மாலை வேலை முடிந்து நாலைந்து இந்திய இளைஞர்கள் கடை ஓரமாக மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தால், கடந்து போகிறவர்களின் பார்வையில் ஒரு கேள்வி இருக்கும். "குண்டர் கும்பலோ?" இந்தக் கேள்வி திடீரென்று முளைத்ததல்ல. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

தோட்டத்தை விட்டால் குற்றம்

தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள், ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு வெளியேறினால் அது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அபராதம் அல்லது சிறை. ஓடி வந்தவருக்கு இடம் கொடுத்தவரும் தண்டிக்கப்படலாம். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. ஆனால் வேலையை விட்டுப் போனவரைச் சிறைக்கு அனுப்பும் விதிகள் 1920-களின் தொடக்கத்தில்தான் நீங்கின. தோட்டத்துக்குள் இருக்கும்வரை அவர் கூலி. எல்லை தாண்டித் தென்பட்டால் சந்தேக நபர்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் வெடித்தது. தொழிலாளர்களின் கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பது. கூலி உயர்வோடு மரியாதையையும் அவர்கள் கேட்டார்கள். தலைவர் ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படைகள் வரவழைக்கப்பட்டன. தொழிலாளர்கள் ஐந்து பேர் சுடப்பட்டு மாண்டார்கள்.

அவசரகாலம் விட்டுச் சென்றவை

1948-இல் அவசரகாலம் பிறந்தது. இன்று எல்லார் சட்டைப் பையிலும் இருக்கும் அடையாளக் கார்டு அந்த ஆண்டில்தான் அறிமுகமானது. கம்யூனிஸ்டுகளைப் பிரித்தறிய வந்த அந்தக் கார்டு, சாலையில் போகிறவரை நிறுத்தி "யார் நீ?" என்று கேட்கும் வழக்கத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது.

1969 மே கலவரத்துக்குப் பின் வந்த அவசரகாலச் சட்டம், குற்றச் சந்தேகத்துக்கு ஆளானவரை விசாரணையின்றி இரண்டாண்டு வரை அடைத்து வைக்க வழி செய்தது. 1933-ஆம் ஆண்டின் வசிப்பிடக் கட்டுப்பாட்டுச் சட்டமோ, ஒருவரை ஊர் விட்டு ஊர் அனுப்பியது. 'புவாங் டாயிரா' என்ற சொல்லை நம் குடும்பங்கள் பல அறிந்திருக்கும். இவ்விரண்டும் பின்னர் முடிவுக்கு வந்தன. ஆனால் 2012-இல் சொஸ்மா வந்தது. 2014-இல் திருத்தப்பட்ட குற்றத் தடுப்புச் சட்டம் விசாரணையற்ற தடுப்புக்காவலை மீண்டும் கொண்டுவந்தது.

இதற்கிடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. லயத்தை விட்டு வெளியேறிய பிள்ளைகள் பட்டணத்தின் ஓரத்தில் வந்து நின்றார்கள். பழைய சந்தேகமும் அவர்களோடு வந்தது.

கணக்கு சொல்வது என்ன?

குண்டர் கும்பல் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அதனால் அதிகம் பாதிக்கப்படுகிறவர்களும் நம் கடைக்காரர்களும் பெற்றோர்களும்தான். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் 40,313 உறுப்பினர்களில் 28,926 பேர் இந்தியர்கள், அதாவது 71 விழுக்காடு என்று தெரிவித்தது. எல்லார் மனத்திலும் பதிந்தது அந்த 71 மட்டுமே.

மறுபக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். அப்போது நாட்டில் ஏறத்தாழ 20 லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள். அமைச்சின் கணக்கை அப்படியே ஏற்றாலும், நூறு இந்தியர்களில் கும்பலைச் சேர்ந்தவர் ஒருவர் அல்லது இருவர். அந்த ஒருவருக்காக மற்றவர்களையும் நிறுத்திச் சோதிப்பது பாதுகாப்பு ஆகுமா?

சந்தேகம் எங்கே போய் முடியலாம் என்பதற்கு 22 வயது குகன் ஒரு சாட்சி. கார் திருட்டு விசாரணைக்காகப் பிடிக்கப்பட்ட அவர் 2009 ஜனவரி 20-ஆம் நாள் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் இறந்தார். 2013-இல் உயர் நீதிமன்றம் அந்த மரணத்துக்குக் காவல்துறையும் அரசாங்கமும் பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் நெகிரி செம்பிலானின் தம்பின் காவல் நிலையத்திலும் ஓர் இந்தியர் இறந்தார். தடுப்புக்காவலில் இறப்பவர்கள் எல்லா இனத்தவரும்தான். ஆனால் மக்கள் தொகையில் சுமார் 7 விழுக்காடாக உள்ள இந்தியர்களின் பங்கு அதில் அந்த அளவைத் தாண்டியே வந்திருக்கிறது.

2004-இல் அமைக்கப்பட்ட துன் முகமட் சைடின் தலைமையிலான அரச ஆணையம் 125 பரிந்துரைகளைச் செய்தது. அவற்றில் முக்கியமானது சுதந்திரமான புகார் விசாரணை ஆணையம். பல்லாண்டு இழுபறிக்குப் பின், 2023 ஜூலை 1-இல் செயல்படத் தொடங்கிய ஆணையமோ, அரச ஆணையம் கேட்ட அளவுக்கு அதிகாரம் பெறவில்லை.

கையில் இருப்பவை

சட்டம் திருந்தக் காத்திருக்கும் வேளையில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி, கைதாகிறவர் கைதுக்கான காரணத்தைக் கேட்கலாம். உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லலாம். சாதாரண வழக்குகளில் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வசதியில்லாதவர்களுக்குத் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் இருக்கிறது. இதை ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் அறிந்திருப்பது நல்லது.

போன் எடுக்கிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அவர்களில் நம்மவர்களும் அடக்கம். தாமானுக்குக் குடிவந்து வசதி பெற்ற பின், தெருமுனையில் நிற்கும் நம் பிள்ளைகளை அதே பழைய துரையின் கண்ணால் பார்ப்பவர்கள் நமக்குள்ளும் இருக்கிறார்கள். சண்டையைக் கண்டால் போலீசை அழைக்கட்டும். திருட்டைக் கண்டால் தாமதிக்காமல் அழைக்கட்டும். "அங்கே என்ன நடக்கிறது?" என்று போலீசார் கேட்கும்போது, "இந்தியப் பையன்கள் நிற்கிறார்கள்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லையென்றால், அந்தப் போனைக் கீழே வைத்துவிடலாம்.