ரங்கூன் அரிசி: மலிவு சரக்கின் நிஜ விலை

காரைக்குடி பக்கம் போனா பர்மா தேக்குத் தூண்களைப் பார்த்து வாயைப் பிளந்துட்டு வர்றோம். அந்தத் தூணுக்குப் பின்னாடி இருக்கிறது ஒரு அரிசிக் கதை.

1852-ல் கீழ் பர்மாவை வெள்ளைக்காரன் பிடிச்சப்போ ஐராவதி டெல்டா பெரும்பாலும் சதுப்பும் காடும்தான். நெல் விளைஞ்சது சுமார் 8 லட்சம் ஏக்கர். 1930-களில் அது 87 லட்சம்! நடுவுல 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தாச்சு, கப்பல்கள் வரிசை கட்டின. காட்டை வெட்டி வயலாக்கினது பர்மிய விவசாயி. கடன் கொடுத்தது நம்ம செட்டியார்கள்.

1930 வாக்கில் உலகப் பொருளாதாரம் சரிஞ்சு நெல் விலை பாதியாச்சு. கடன் மட்டும் அப்படியே நின்னுச்சு. 1930-ல் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-ல் 25. உழுதவன் சொந்த நிலத்துலயே குத்தகைதாரன் ஆனான். இந்தியர்கள் மேல கோபமும் கலவரமும் வந்ததுல என்ன ஆச்சரியம்?

சரி, வாங்கினவங்க நிலைமை? திருவிதாங்கூர் தேங்காய், மிளகு, ரப்பர்னு பணப்பயிருக்குத் திரும்பிடுச்சு. இலங்கையில் தேயிலை, ரப்பர். சோத்துக்கு ரங்கூன் கப்பல் வரும்ங்கிற தைரியம். எங்க பாஷையில சொன்னா 'சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்'.

1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடிச்சது. கப்பல் நின்னுபோச்சு. திருவிதாங்கூரில் பட்டினி, மரவள்ளிக்கிழங்குதான் பல பேர் உயிரைக் காப்பாத்துச்சு. லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவிலிருந்து நடந்தே கிளம்பினாங்க, ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்தாங்க. வங்காளத்தில் பர்மா அரிசி சின்னப் பங்குதான். ஆனா அது நின்னதும் விலை எகிற, புயலும், படகுகளைப் பறிச்ச அரசாங்கமும், பதுக்கலும் சேர, 1943 பஞ்சத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் போனாங்க.

கதை அதோட முடியலை. 2008-ல் நர்கிஸ் புயல் அதே டெல்டாவில் அடிச்சது. கடலலையின் வேகத்தைக் குறைக்கிற அலையாத்திக் காடு பல தலைமுறையா வெட்டப்பட்டு, பெரும்பகுதி காணாமப் போயிருந்தது. செத்தவங்களும் காணாமப் போனவங்களும் சேர்த்து சுமார் 1,38,000 பேர்.

தூர தேசத்துச் சரக்கே கூடாதுன்னு சொல்ல வரலை. பஞ்ச காலத்துல கப்பல் அரிசி உயிர் காத்ததும் உண்டு. ஆனா சொந்த வயலைக் கைவிட்டுட்டு ஒரே ஒரு கப்பலை நம்புறது வேற. மலிவுன்னு நாம வாங்கினதுக்கான பில், அந்த விலையை முடிவு பண்ணாதவங்க கைக்குத்தான் போச்சு.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது ரங்கூன் அரிசி பத்தியோ, பர்மாவிலிருந்து நடந்து வந்தது பத்தியோ சொல்லியிருந்தா, மறந்து போறதுக்குள்ள எழுதி வைங்க மக்களே.