இணுவில்: காணத்தக்கனவும் அவற்றின் வரலாறும்

இணுவில், இலங்கையின் வட மாகாணத்தில், யாழ்ப்பாண நகரத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் பெருவீதியில் ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தூரத்தில் அமைந்துள்ள பழைமையான கிராமம். வலிகாமம் தெற்குப் பகுதியைச் சேர்ந்த இவ்வூரைத் தாவடி, கோண்டாவில், சுதுமலை, உடுவில், மருதனார்மடம் ஆகிய ஊர்கள் சூழ்ந்துள்ளன. மலையும் ஆறும் கடற்கரையும் இங்கு இல்லை; கண்டவர் வியக்கும் கோட்டையோ அரண்மனையோ இல்லை. ஆயினும் பல தலைமுறைகளாக அயலூர்களிலிருந்தும், கடல் கடந்த நாடுகளிலிருந்தும் மக்கள் இவ்வூரை நாடி வந்தவண்ணமே இருக்கின்றனர். தெய்வ வழிபாடு, மரச் சிற்பம், மங்கல இசை, மகப்பேற்று மருத்துவம், செம்மண் வேளாண்மை ஆகிய ஐந்தும் இச்சிற்றூரின் புகழுக்குக் காரணங்களாகும். இவற்றுள் பெரும்பாலானவை குறித்த நாளிலும் குறித்த வேளையிலுமே முழுமையாகக் காணத்தக்கவை. ஆதலால் இணுவிலைக் காண விரும்புகின்றவர் வழியைக் கேட்கும் முன்னர் நாளைக் கேட்டறிதல் நன்று.

பெயரும் குடியேற்றமும்

கொக்குவில், கோண்டாவில், உடுவில், மந்துவில் என்று யாழ்ப்பாணத்தில் ‘வில்’ என முடியும் ஊர்ப்பெயர்கள் பல உள. அச்சொல் நீர்நிலையைக் குறிக்கும் என்பது இடப்பெயர் ஆராய்ச்சியாளர் கருத்து. ‘இணையிலி’ என்பதே மருவி இணுவில் ஆயிற்று என்று பக்திச் சுவையோடு கூறுவாரும் உளர். புலவர்கள் இதனை ‘இணுவை’ என்று வழங்குவர்; இவ்வூரிற் பிறந்த கலைஞர் சிலர் அச்சொல்லைத் தம் பெயருக்கு முன் சூட்டிக்கொள்வதும் வழக்கம்.

ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’, ஆரியச் சக்கரவர்த்திகள் யாழ்ப்பாண அரசை நிலைநாட்டியபொழுது தமிழகத்திலிருந்து வந்த தலைவர்களை ஊர்தோறும் குடியிருத்திய செய்தியைக் கூறுமிடத்து, இணுவிலிற் குடியேறியவனாகத் திருக்கோவலூர்ப் பேராயிரவனைக் குறிப்பிடுகின்றது. வைபவமாலையின் செய்திகள் யாவும் சரித்திரமாக உறுதிப்பட்டவை அல்லவெனினும், இவ்வூர் நல்லூர் அரசு நிலவிய காலத்திலேயே மதிப்புற்றிருந்தது என்பதற்கு இங்குள்ள இரு பிள்ளையார் கோவில்களின் பெயர்கள் சான்று பகர்கின்றன. பரராசசேகரன், செகராசசேகரன் என்பன யாழ்ப்பாண மன்னர்கள் மாறிமாறிச் சூடிய சிம்மாசனப் பெயர்கள். பரராசசேகரப் பிள்ளையார், செகராசசேகரப் பிள்ளையார் என்று அவ்விரு நாமங்களும் ஒரே கிராமத்தில் இன்றுவரை நாவில் வழங்குதல், அரசு அழிந்து நானூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் அரசரின் நினைவு அழியாத அருமையைக் காட்டுகின்றது.

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. அவர் காலத்திற் கோவில்கள் இடிக்கப்பட்டன. 1658இல் வந்த ஒல்லாந்தர் காலத்திலும் சைவர்கள் தம் வழிபாட்டைத் தடையின்றி நடத்த இயலவில்லை. அக்காலத்தின் பிற்பகுதியில் நெருக்கடி தளர்ந்தது; 1795இல் ஆங்கிலேயர் வந்தபின் கோவில்கள் மீண்டும் எழும்பலாயின. ஆதலின் இணுவிலிற் காணும் கோவிற் கட்டடங்கள் பழைமையில் இளையனவாயினும், அவை நிற்கும் மரபு மூத்தது.

கோவில்கள்

பிள்ளையார் கோவில்களை அடுத்து, கந்தசுவாமி கோவில், சிவகாமி அம்மன் கோவில், காரைக்கால் சிவன் கோவில், இளந்தாரி கோவில் என்பன முக்கியமானவை. இவற்றுள் இளந்தாரி கோவில் வேறெங்கும் காண்டற்கரியது. இளந்தாரி என்பது யாழ்ப்பாண வழக்கில் இளைஞனைக் குறிக்கும் சொல். இணுவிலின் தலைவனாகிய காலிங்கராயனுக்கு மைந்தனாகப் பிறந்த கயிலாயநாதன் என்னும் இளைஞன் ஊரைக் காத்து வாழ்ந்து, புளியமரம் ஒன்றின் வழியே விண்ணுலகு சென்றான் என்பது ஊரார் வழிவழியாகக் கூறும் செய்தி. அவனையே தெய்வமாகக் கொண்டு வணங்கும் இக்கோவில், சான்றோரைத் தெய்வமாக்கும் தமிழரின் தொன்மையான வழக்கம் ஆகமக் கோவில்களின் நடுவிலும் நிலைத்திருந்தமைக்கு நல்லதோர் உதாரணம்.

இக்கயிலாயநாதனைப் பாட்டுடைத் தலைவனாக்கிப் ‘பஞ்சவன்னத்தூது’ என்னும் பிரபந்தத்தை இயற்றியவர் இணுவில் சின்னத்தம்பிப் புலவர். ஒல்லாந்தர் காலத்தில் வாழ்ந்த இவர், நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் வேறானவர். தூது நூல்கள் பெரும்பாலும் பேரரசரையும் பெருந்தெய்வங்களையும் நாடிச் செல்ல, இந்நூல் ஒரு கிராமத்தின் காவற்றெய்வத்தை நாடிச் செல்வது குறிப்பிடத்தக்கது. ஒல்லாந்த அதிகாரிகளாற் சிறையிடப்பட்ட புலவர் சிவகாமி அம்மையைப் பாடித் துதித்து விடுதலை பெற்றார் என்னும் கதை இன்றும் அம்மன் கோவில் முன்றிலிற் கேட்கக் கிடைக்கும். நூலைப் படித்துவிட்டு இவ்விரு கோவில்களையும் காண்பவர்க்கு, இலக்கியமும் ஊரும் ஒன்றையொன்று விளக்குதல் புலனாகும்.

கோவில்களுக்குச் செல்லும் ஆடவர் மேற்சட்டையைக் களைந்து செல்லுதல் யாழ்ப்பாணத்தில் பொது வழக்கம்.

மஞ்சம்

இணுவிலின் தனிப்பெரும் காட்சி கந்தசுவாமி கோவிலின் மஞ்சமே. மஞ்சம் என்பது தேரின் இனத்தைச் சேர்ந்த மர ஊர்தி. ஆயினும் உற்சவத்தில் வரும் தேரிலிருந்து வேறுபட்டுத் தனக்கென ஒரு திருவிழாவை உடையது. ‘உலகப் பெருமஞ்சம்’ என்று ஊரார் பெருமிதத்தோடு அழைக்கும் இம்மஞ்சம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரிய சன்னியாசியார் என்று மக்கள் போற்றிய துறவியின் முயற்சியால் உருவாயிற்று. செல்வர் ஒருவரின் தனிக்கொடையால் அமைந்ததன்று. துறவி ஒருவர் சொல்லுக்கு ஊர் முழுவதும் செவிசாய்த்ததனால் அமைந்தது என்பதே இதன் பெருமை.

சாதாரண நாளில் வருகின்றவர் இதனை அதன் கொட்டகையிலே அசைவின்றி நிற்கக் காண்பர். அதுவும் ஒரு நன்மையே. ஏனெனில் அடித்தட்டிலிருந்து மேல்நோக்கி, தெய்வ உருவங்களும் யாளிகளும் பூக்கொடிகளும் தட்டுத்தட்டாக எழும் சிற்ப வேலையை நெருங்கி நின்று ஆறுதலாகப் பார்ப்பதற்குத் திருவிழா நெருக்கத்தில் அவகாசம் இராது. ஒரு பூவிதழின் விளிம்பில் உளி தயங்கித் திரும்பிய தடம் வரையில் அப்பொழுது கண்ணிற்படும். தைப்பூச நாளிலோ காட்சி முற்றிலும் வேறு. அலங்கரிக்கப்பட்ட முருகப்பெருமானைத் தாங்கி அம்மாபெரும் மரக்கட்டு அசையத் தொடங்கும்பொழுது எழும் அரோகரா ஒலியும், முன்னே செல்லும் தவில் முழக்கமும், வடம் பிடித்தவர் ஒரே மூச்சாய் முன்வளைதலும் கண்டவர் மறக்கத்தக்கன அல்ல. ஐப்பசியிற் கந்தசஷ்டியும் அதன் முடிவிற் சூரன்போரும் இக்கோவிலுக்கு வருவதற்கு ஏற்ற மற்றைய காலங்கள்.

இசை

கோவில்கள் மீண்டும் எழுந்தமையின் நேரான பயனாக இணுவிலுக்கு இசை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பூசைகளும் உற்சவங்களும் பெருகவே, அவற்றுக்கு வேண்டிய நாதஸ்வர, தவில் வித்துவான்கள் தஞ்சைப் பகுதியிலிருந்து அழைக்கப்பட்டனர். வந்தவர் சிலர் மீண்டனர். சிலர் இங்கேயே மணஞ்செய்து குடியமர்ந்தனர். அவர்களின் வழித்தோன்றல்களும் மாணவர்களுமாக இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களில் பெரியமேளக் கலை வேரூன்றியது. ஒரு கோவிலுக்கு மேளம் வாசித்தவரை அடுத்த கோவிலாரும் வேண்ட, சிறுவர்கள் தந்தையரின் பின்னே உற்சவந்தோறும் சென்று தாளமேந்திக் கேட்டுக் கேட்டே வித்துவான்களாயினர்.

இம்மரபின் சிகரம் யாழ்ப்பாணம் வி. தெட்சணாமூர்த்தி. தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மைந்தராக 1933இல் இணுவிலிற் பிறந்த இவர், தந்தையாரிடம் தொடங்கிய பயிற்சியைத் தமிழகம் சென்று வளர்த்து, பின்னர் அளவெட்டியில் வாழ்ந்து, 1975இல் நாற்பத்திரண்டு வயதும் நிறையாமல் மறைந்தார். இவ்வளவு குறுகிய ஆயுளில், தவிலின் பிறப்பிடமாகிய தஞ்சை நாட்டாரே தலைவணங்கும் ஸ்தானத்தை ஈழத்தவர் ஒருவர் அடைந்தார் என்பது நமது இசைச் சரித்திரத்தில் ஒப்பற்ற நிகழ்ச்சி. அம்ஷன் குமார் இவரைப் பற்றி இயக்கிய ஆவணப்படம் இந்திய தேசிய விருது பெற்றது.

தவிலின் அருமையை உணர விரும்புவோர் கச்சேரி மண்டபத்திலன்றிக் கோவில் வீதியில், வித்துவானுக்கு அண்மையில் நின்று பார்த்தல் வேண்டும். பலாமரத்தைக் குடைந்து செய்த கொட்டின் ஒரு முகத்தைப் பூவரசங் கழி அதிர வைக்கும். மறுமுகத்தில், கூடுகள் அணிந்த விரல்கள் நெருப்பிற் பட்ட நெல்மணிகள் பொரிவதுபோல் ஓயாது தெறிக்கும். தோளிலிருந்து தொங்கும் வாரின் பாரம் முழுவதையும் தாங்கி, நள்ளிரவு கடந்தும் நின்றபடியே வாசிக்கும் உழைப்பு அது. அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள டூலின் என்னும் சிற்றூர் தன் நாட்டு மரபிசையினால் உலகப் பயணிகளை ஈர்க்கின்றது. இணுவிலின் தகுதி அதற்குச் சற்றும் குறைந்ததன்று. இங்கே இசையைக் கேட்பதற்குக் கட்டணமும் இல்லை.

பாடலாக்கத்திலும் நாட்டியத்திலும் இவ்வூரின் பெயரை நிலைநாட்டியவர் இணுவை வீரமணி ஐயர் (1931-2003). அடையாறு கலாக்ஷேத்திரத்திற் பயின்ற இவர் மாணவப் பருவத்தில் மயிலைக் கற்பகாம்பாள்மீது இயற்றிய பாடல், டி. எம். சௌந்தரராஜன் குரலில் தமிழுலகெங்கும் பரவியது. அதனை நாளும் கேட்போருட் பலர், இயற்றியவர் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர் என்பதை அறியார். ஊர் திரும்பிய ஐயர் கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பணியாற்றி, இசையும் நடனமும் அறிந்த ஆசிரியர் பலரை உருவாக்கினார்.

மக்லியோட் ஆஸ்பத்திரி

பெண்கள் தம் நோயை ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூசி, பிரசவ வேதனையில் உயிரிழந்த காலத்தில், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மேரி, மாகிரட் லீச் சகோதரிகள் மேல்நாடுகளிற் பொருள் திரட்டியதன் பயனாக, 1898இல் பெண்களுக்கென இணுவிலில் மக்லியோட் ஆஸ்பத்திரி தொடங்கப்பெற்றது. டாக்டர் இசபெல்லா கர் இங்கே நெடுங்காலம் சேவை செய்தார். மதம் பரப்ப வந்தவர் நிறுவிய இவ்வில்லத்துக்குச் சைவக் குடும்பங்கள் தயக்கத்தோடு வந்தன. தாயும் சேயும் நலமாக வீடு திரும்பிய பின்னர் அத்தயக்கம் நீங்கியது. சமயத்தைக் கொள்ளாமல் மருத்துவத்தைக் கொண்ட ஊராரின் விவேகமும், சமயம் பாராது மருத்துவம் செய்த அம்மையாரின் கருணையும் ஒருங்கே போற்றத்தக்கன. குடாநாட்டின் பல பாகங்களிற் பிறந்தவர்கள் தம் பிறந்த இடமாக ‘இணுவில் ஆஸ்பத்திரி’யைச் சொல்வது வழக்கமாயிற்று. வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருவோர், தாம் பிறந்த இடம் இதுவெனப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக அதன் வாயிலில் நிற்றலை இன்றும் காணலாம்.

தோட்டங்கள்

சுண்ணாம்புக்கல்லின்மேற் படர்ந்த செம்மண் இவ்வூரின் செல்வம். ஆறில்லாத நாட்டில் வேளாண்மை முழுவதும் கிணற்றை நம்பியது. முற்காலத்தில் விடியுமுன்னரே துலா மிதிப்பவர் மேலேறி முன்னும் பின்னும் நடக்க, கீழே நின்றவர் பனையோலைப் பட்டையைக் கவிழ்த்து வாய்க்காலில் நீரை ஓடவிட, தோட்டத்தின் கடைசிப் பாத்தியில் நின்றவர் மண்வெட்டியால் வரம்பைத் திறந்தடைப்பார். இயந்திரம் வந்தபின் துலா மறைந்தது. பாத்தி கட்டும் கைத்திறன் மறையவில்லை. புகையிலை நெடுங்காலம் முதற்பயிராக விளங்கிற்று. பொச்சுமட்டைப் புகையிற் பதப்படுத்திய யாழ்ப்பாணப் புகையிலை திருவாங்கூருக்குக் கப்பலேறியதும், கொக்குவில் முதல் இணுவில் வரையில் சுருட்டுத் தொழில் பல குடும்பங்களைக் காத்ததும் பழைய பொருளாதாரத்தின் முக்கிய அம்சங்கள். இன்று வெங்காயம், மிளகாய், வாழை, மரக்கறி வகைகள் மிகுதியாக விளைகின்றன. காலையில் மருதனார்மடம் சந்தைக்குச் சென்றால் அவற்றை ஒருசேரக் காணலாம்.

அயலிடங்கள்

மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்காக நிறுவிய இராமநாதன் கல்லூரியும், அதனை அடுத்து வளர்ந்த நுண்கலைக் கழகமும், ஆஞ்சநேயரின் நெடிய திருவுருவமும் உள. உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் 1824இல் தொடங்கிய மகளிர் கல்லூரி, ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் ஒன்று. கந்தரோடையின் பழைய பௌத்தச் சின்னங்களும் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலும் தொலைவில் இல்லை.

செல்லும் வழி

காங்கேசன்துறை வீதிப் பேருந்துகள் ஊரின் நடுவே செல்கின்றன. 1905ஆம் ஆண்டில் கொழும்புவரை இணைக்கப்பட்ட வடக்குப் புகையிரதப் பாதையில் இணுவிலுக்கும் தரிப்பிடம் உண்டு. போரினால் 1990இல் தடைப்பட்ட சேவை, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம்வரையும், 2015 ஜனவரியிற் காங்கேசன்துறைவரையும் மீண்டது. அதே போரின்போது, 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபொழுது இணுவிலும் வெறுமையாயிற்று. மறுவருடம் மீண்டு வந்தவர்கள் முதலிற் செய்தவற்றுள் ஒன்று, கோவில்களிற் பூசையைத் தொடர்ந்தமை.

அவ்வாறு மீண்டு வந்த மரபுகளைக் காத்தல் இனி ஊராரின் கடன் மாத்திரமன்று. மஞ்சத்தின் மரவேலைக்குப் பழுதுபார்க்கத் தெரிந்த தச்சர் வேண்டும். தவிலுக்குக் கற்க முன்வரும் சிறுவர் வேண்டும். இரண்டிற்கும் அறிந்து போற்றுவோர் வேண்டும். தைப்பூசத்தன்று இணுவிலுக்கு வாருங்கள். மஞ்சத்தின் வடத்தில் உள்ளூராருக்கும் வந்தவருக்கும் வேற்றுமை பாராட்டுவதில்லை.