கொம்பு விளையாட்டும் ஊர்ப் பிணக்கும்



மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கிழக்கில் வங்கக் கடலும் மேற்கில் வாவியும் சூழ்ந்த நெடிய நிலப்பகுதியில் அமைந்த ஊர்களுள் ஒன்று செட்டிபாளையம். கடலோரமாகிய இப்பக்கத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பால் வயல்கள் விரிந்து கிடக்கும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். வளவும் வளவும் அடுத்திருக்கும் இத்தகைய ஊர்களிலே, வேலி நகர்ந்தது, மாடு பயிரை மேய்ந்தது, பிள்ளைகள் அடிபட்டுக்கொண்டார்கள் என்று அயலவர்க்கிடையே பிணக்கு எழுவது இயல்பேயாகும். பிணக்கில்லாத ஊர் எங்குமில்லை. ஆனால், பிணக்குக்கென்றே ஒரு விழாவை வகுத்து, அதற்குக் கட்சியும் முறையும் முடிவும் அமைத்துக்கொண்ட ஊர்கள் சிலவே. மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகி வழிபாட்டூர்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. அவ்விழாவே கொம்பு விளையாட்டு என்றும் கொம்புமுறி என்றும் பெயர் பெறுவது.

செட்டிபாளையத்திலும் கண்ணகை அம்மனுக்குக் கோயில் உண்டு. இப்பகுதியின் கண்ணகி கோயில்கள் பலவற்றில் நாள்தோறும் பூசை நிகழ்வதில்லை. வைகாசித் திங்களிலே கதவு திறந்து, சில நாட்கள் சடங்கு நடத்திக் குளிர்த்தி பாடி முடிப்பர். மதுரையை எரித்த மங்கையின் சினத்தைத் தணித்து, மழையும் நலமும் வேண்டுவதே குளிர்த்தியின் கருத்தாகும். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் அங்கிருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறுவதை நேயர்கள் அறிவர். சிங்கள மக்கள் இத்தெய்வத்தைப் பத்தினித் தெய்வம் எனப் போற்றுகின்றனர். அவர்களிடத்தும் கொம்பு விளையாட்டு உண்டு. அங்கெலிய என்பது அதன் பெயர்.

இவ்விளையாட்டின் தோற்றம் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கோவலனும் கண்ணகியும் மலர் கொய்யச் சென்றபோது இருவருடைய கொக்கைத் தடிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. இருவரும் இழுத்தனர், கோவலன் தோற்றான், கண்ணகி வென்றாள். கணவன் மனைவியரின் அச்சிறு ஊடலே ஊரார் விளையாட்டாக வளர்ந்தது என்பர். ஆதலின் ஊர் இரண்டு சேரியாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். வைரம் பாய்ந்த வளைந்த மரக்கொம்புகள் இரண்டினை ஒன்றுடன் ஒன்று கொளுவி, வடம் பூட்டி, இரு சேரியாரும் எதிரெதிரே நின்று இழுப்பர். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். போர்த்தேங்காய் அடித்தலும் இதனோடு ஒத்த போட்டியே. அதிலும் முதலில் உடைந்த தேங்காய்க்குரியவனே தோற்றவன்.

கொம்பு முறிந்ததும் ஆரவாரம் எழும். வென்றவர் தோற்றவரை எள்ளி வசைப்பாடல் பாடுவர். மற்றைய நாளிலே வாய்விட்டுச் சொன்னால் வெட்டுக்குத்தில் முடியக்கூடிய சொற்கள் அன்று பாட்டாக வெளிப்படும், கேட்பவர் பொறுத்துக்கொள்வர். இப்பகுதியில் குடிமரபு தாய்வழியே வருவது. மணமகன் மனைவியின் வீட்டுக்கே சென்று வாழ்வான். எனவே எதிர்ச்சேரியில் வடம் பிடித்து நிற்பவன் பலருக்கு மைத்துனனாகவோ மாமனாகவோ இருப்பான். அவனை நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே வசைக்கு ஓர் எல்லையாக நின்றது.

அதிகாரம் உடையோர் இதனை எப்போதும் விரும்பினர் எனக் கூற முடியாது. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில், பத்தினித் தெய்வத்தின் பேரால் நடக்கும் இக்கொம்பிழுப்பை விவரிக்கிறார். வென்றவர் பாடும் இழிமொழிகளை அவர் அருவருப்புடன் குறிப்பிடுகிறார். அரசன் அதனைத் தடுக்க முற்பட்டதையும் எழுதுகிறார்.

நொக்ஸ் பிறந்த நாட்டிலும் இத்தகைய விளையாட்டு இல்லாமலில்லை. டார்பிசயர் மாநிலத்து ஆஷ்போர்ன் என்னும் சிற்றூரை ஓர் ஓடை இரண்டாகப் பிரிக்கிறது. ஓடைக்கு வடக்கே பிறந்தவர் மேற்புறத்தார், தெற்கே பிறந்தவர் கீழ்ப்புறத்தார். ஆண்டுதோறும் கிறித்தவரின் தவக்காலம் தொடங்கும் வேளையில் இரண்டு நாட்கள், ஊர் முழுதும் திரண்டு ஒரு பந்துக்காகத் தெருவிலும் ஓடையிலும் போராடும். அண்மையிலுள்ள டார்பி நகரில் நிகழ்ந்த இதே போன்ற ஆட்டம் 1846இல் படைவீரரை வருவித்து அடக்கப்பட்டது. பின்னர் 1871இல் சர் ஜோன் லபொக் முயன்று நிறைவேற்றிய சட்டம் வங்கி விடுமுறை நாட்களை வழங்கியது. தொழிலாளர் குடும்பங்கள் தெருவோடு திரண்டு, புகைவண்டி ஏறிக் கடற்கரைகளுக்குச் சென்று மகிழ்ந்தன. விடுமுறைக்குச் சட்டம் நாள் குறித்தது. அண்டை வீட்டாரின் மனத்தாங்கலுக்கு எச்சட்டமும் நாள் குறிக்கவில்லை. அதனை ஆஷ்போர்ன் மக்களைப் போலச் சிலரே தம் பழைய வழக்கத்தால் செய்துவருகின்றனர்.

மட்டக்களப்பிலே கொம்பு விளையாட்டு நாளடைவில் அருகிப் போயிற்று. கைகலப்பில் முடியும் என்ற அச்சம் ஒருபுறம். வாழ்க்கை முறை மாறியது மறுபுறம். 2009 வரை நீடித்த போரும், 2004 மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கி அழித்ததும் ஊர்களைக் கலைத்தன. அண்மைக் காலத்தில் சில இடங்களில் கொம்புமுறி மீண்டும் நடத்தப்பட்டுள்ளமை மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் காட்சிக்காக மட்டும் கொம்பு இழுப்பதனால் பழைய பயன் விளையாது. முன்னோர் பிணக்கை மறைக்கவில்லை. அதனை ஊர் நடுவே கொண்டுவந்து, பெரியோர் முன்னிலையில் இழுத்து முறித்து, ஒரே அம்மனின் வாசலிலே முடித்தனர். இன்று வேலித்தகராறு நீதிமன்றம் ஏறினால் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. தந்தையின் பகையை மகன் உரிமையாகப் பெறுகிறான். சண்டை தொடங்குவதற்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதனை இந்த நாளோடு முடித்துக்கொள்வோம் என்று இரு சேரியாரும் ஒப்பும் பழக்கமே கற்றுக்கொடுக்க வேண்டியது. கொம்பை மீண்டும் எடுக்கும் ஊர்கள் அப்பழக்கத்தையும் உடன் எடுக்குமாயின், கண்ணகையின் குளிர்த்தி நிறைவுபெற்றதாகும்.